ஒளியைக் காக்கும் மேல்பூச்சு

டெலிவிஷன் வியாபாரம் செய்யும் நம் அங்கத்தினர்களுக்கு ‘கியூ.எல்.இ.டி.’ என்ற பெயர் பழகிப் போய்விட்டது. மளிகை அங்கத்தினர்கள் அதை விளம்பரத்தில் பார்த்திருப்பார்கள். அந்த ‘கியூ’ என்பது குவாண்டம் புள்ளி எனப்படும் நுண்துகளைக் குறிப்பது. இதன் சூட்சுமம் துகளில் பாதி, அதன் மேல்பூச்சில் பாதி என்பதால், சரக்கைக் காத்து வைக்கும் தொழிலில் உள்ள நமக்கு அது எளிதில் விளங்கும்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். காட்மியம் செலினைடு என்ற பொருளை 2 நானோமீட்டர் அளவில் செய்தால் நீலமாக ஒளிர்கிறது. 6 நானோமீட்டர் ஆனால் சிவப்பு. பொருள் ஒன்றே, அளவுதான் நிறத்தை மாற்றுகிறது. இத்துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக எகிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே அளவான துகள்களைச் செய்யும் முறையை பவெண்டி குழுவினர் 1993-இல் வெளியிட்டனர்.

ஆனால் அன்று ஒரு குறை இருந்தது. துகள் விழுங்கிய ஒளியில் 100-க்கு 5 முதல் 15 பங்குதான் திரும்ப ஒளியாக வந்தது. மீதி வெப்பமாக வீணானது. ஏன்? கட்டி வெல்லத்தை விடத் தூள் வெல்லம் சீக்கிரம் கசியும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்றுப் படும் பரப்பு அதிகம். நானோ துகளோ தூளிலும் தூள். அதன் அணுக்களில் கணிசமான பங்கு வெளிப்பரப்பிலேயே இருக்கிறது. அந்த அணுக்களுக்கு ஒரு பக்கம் கைகோர்க்கத் துணை இல்லை. ஒளி பட்டுக் கிளம்பிய எலக்ட்ரான், ஒளி கொடுத்துவிட்டு இறங்குவதற்குள், இந்த வெற்றிடங்களில் போய்ச் சிக்கிக் கொள்கிறது. சாக்கில் நல்ல அரிசியே இருந்தாலும், தையல் விட்டிருந்தால் வழியெல்லாம் சிந்துவது போலத்தான்.

1996-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹைன்ஸ், கியோ-சியோனெஸ்ட் இருவரும் துகளின் மேல் துத்தநாக சல்பைடு ஓடு கட்டினர். ஒளி 100-க்கு 50 பங்காக உயர்ந்தது! துவரைக்குச் செம்மண் கட்டுவது நினைவுக்கு வருகிறதல்லவா? இதிலும் அளவு உண்டு. இவ்விரு பொருள்களின் அணு அடுக்கு இடைவெளியில் சுமார் 12 சதவீத வித்தியாசம் இருப்பதால், ஓடு கனத்தால் நெருக்கடி உண்டாகிப் பழுதுபட்டு, ஒளி மீண்டும் குறைகிறது. ஓரிரு அணு அடுக்கு கனமே நல்ல பலன் தந்தது. இதனால்தான் பின்னர் வந்தவர்கள் நடுவில் இரண்டுக்கும் ஒத்துப்போகும் இன்னொரு அடுக்கை வைத்தார்கள்.

காட்மியம் நச்சு உலோகம். நம் நாட்டு மின்னணுக் கழிவு விதிகள், பண்டத்தின் ஒரே சீரான எந்தப் பொருளிலும் எடையில் 0.01 சதவீதத்துக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே இண்டியம் பாஸ்பைடு வந்தது. ஓடு இல்லாவிட்டால் அது ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. துத்தநாக செலினைடு, துத்தநாக சல்பைடு என இரட்டை ஓடு கட்டி, சாம்சங் ஆய்வாளர்கள் 2019-இல் 100-க்கு 100-ஐ எட்டிக் காட்டினர். உட்பொருளின் மேல் படிந்திருந்த ஆக்சைடை, முதல் ஓடு வளரத் தொடங்கும் கட்டத்திலேயே நீக்கினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஈரச் சாக்கைத் தைத்து மூடினால் என்ன ஆகும் என்பது நாம் அறிந்ததே.

கடையில் விற்கும் கியூ.எல்.இ.டி. பெட்டிகள் பெரும்பாலும் எல்.சி.டி. வகைதான். பின்னால் எரியும் நீல விளக்கின் ஒளியில் ஒரு பகுதியை, துகள் கலந்த தகடு பச்சையும் சிவப்புமாக மாற்றுகிறது. ஈரமும் காற்றும் புகாதபடி அத்தகட்டை இருபுறமும் தடுப்புப் படலம் கொண்டு மூடுவது வழக்கம். ‘புள்ளிகளே தாமாக எரிகின்றன’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லி விற்பது சரியல்ல. பண்டத்தின் தரம், சேர்மானம் பற்றித் தவறாகச் சொல்வது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பெட்டிக்குள் அந்தத் தகடு இருக்கிறதா என்று கடையில் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. எனவே கம்பெனியிடமிருந்து விவரத்தை எழுத்து மூலம் பெற்று, கொள்முதல் பில்லோடு சேர்த்து வைத்துக் கொள்ளும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.