இறக்கைக்கு ஒரு மேல்மாடி

கல்முனையில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு அரிது. கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, இறக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் பார்த்திருப்பார்கள்: நேராக ஓடும் இறக்கை முனையில் மட்டும் மேலே வளைந்து நிற்கும். ஸ்ரீலங்கனின் ஏ320 நியோவில் அந்த வளைவு சுமார் 2.4 மீற்றர் உயரம். பேர் விங்லெட், அதாவது இறக்கைக்கு ஒரு குட்டி இறக்கை. அழகுக்கு வைத்தது என்று நினைத்தால் தப்பு.

பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் கூட, மேலே குறைவு. அந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தூக்கி வைத்திருக்கிறது. ஆனால் கீழே நெருக்குண்ட காற்று மேலே தப்பி ஓட வழி தேடும். முனையில்தான் வழி. அங்கே சுருண்டு ஏறி, விமானத்துக்குப் பின்னால் கிலோமீற்றர் கணக்கில் நீளும் சுழலாகிவிடும். பெரிய விமானம் போன கையோடு சிறியதை விடாமல் ஓடுபாதையில் சில நிமிடம் காக்க வைப்பது இந்தச் சுழலுக்குப் பயந்துதான். அதைச் சுற்றிவிடும் சக்தியும் நம் எரிபொருளில் இருந்தே போகிறது. தூக்குவதற்கு விலையாக வரும் இந்தப் பின்னிழுப்புக்குத் தூண்டல் இழுவை என்று பெயர்.

இறக்கையை நீட்டினால் இழுவை குறையும். ஆனால் ஏ320 நிற்கும் ரகத் தரிப்பிடங்களில் இறக்கை அகலம் 36 மீற்றருக்குள் இருக்கவேண்டும். இந்த விமானம் விங்லெட்டோடு சேர்த்து 35.8 மீற்றர். பக்கவாட்டில் இடமில்லாததால் மேலே போகிறது. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் வளவு கிடைக்காமல் மகளுக்கு மேல்மாடி கட்டிக் கொடுக்கிறோமே, அதே யோசனைதான்.

முனையில் தட்டு நிறுத்தும் எண்ணத்துக்கு 1897இலேயே, ரைட் சகோதரர்கள் பறக்க 6 ஆண்டுக்கு முன், இங்கிலாந்தின் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கிவிட்டார். வெறும் தட்டு காற்றில் உரசி, கிடைத்த லாபத்தைத் தின்றது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது நாசாவின் ரிச்சர்ட் விட்கொம் வேறு மாதிரி யோசித்தார்: காற்றை மறிக்கவேண்டாம், வேலை வாங்குவோம். முனையில் சாய்வாக வரும் காற்றுக்கு ஏற்ற கோணத்தில் குட்டி இறக்கையை நிறுத்தினால், அதில் பிறக்கும் விசை சற்று முன்னோக்கிச் சாய்கிறது. திருட வந்த காற்றே விமானத்தைத் தள்ளிவிடுகிறது! 1979–80இல் கேசி-135 விமானத்தில் சோதித்தபோது எரிபொருள் ஏறத்தாழ 7 சதவீதம் மிச்சமானது.

முதலில் துணிந்தவை செல்வந்தர்களின் சிறு ஜெட்டுகள். லியர்ஜெட் 28, 1977இல் விங்லெட்டோடு பறந்தது. பிறகு பொறியியலாளர் லூயி கிராட்சர், கூர்மையான மூட்டில் காற்று குழம்புவதைத் தவிர்க்க, அதை மெதுவான வளைவாக்கினார். கல்ஃப்ஸ்ட்ரீம் 2இல் பலித்த அந்த வளைவு போயிங் 737க்கும் வந்தது.

ஏ320இல் நீண்ட பயணத்துக்கு 4 சதவீதம் வரை மிச்சம் என்கிறது ஏர்பஸ். வளைகுடாவுக்குப் போகும் ஐந்து மணி நேரத்தில் 12 தொன் எரிந்தால், கிட்டத்தட்ட 500 கிலோ.

ஆனால் போயிங் 777இல் விங்லெட்டைத் தேடாதீர்கள், இல்லை. அடுத்து வரும் 777எக்ஸ் இறக்கையை 71.8 மீற்றருக்கு நீட்டி, தரையில் முனைகளை மடக்கி 64.8 ஆக்கிக்கொள்கிறது. இடம் இருந்தால் நீளமே நல்லது.