உனகோடி
உனகோடி என்பது இந்தியாவின் திரிபுரா மாநிலத்தில், கைலாசகர் நகருக்கு அருகில் உள்ள பாறைச் சிற்பத் தொகுதி ஆகும். இச்சிற்பங்கள் பொ.ஊ. 7 முதல் 9 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகிறது.

பெயர்க்காரணம்
'ஊன' என்னும் வடசொல்லுக்குக் குறைந்த என்பது பொருள். தமிழில் வழங்கும் 'ஊனம்' என்பதும் இதன் வழி வந்ததே. உனகோடி என்றால் கோடிக்கு ஒன்று குறைவு. காசிக்குச் சென்ற சிவன் இங்கு இரவு தங்கியதாகவும், விடியுமுன் எழாத மற்றத் தேவர்களைக் கல்லாகச் சபித்ததாகவும் தொன்மக்கதை கூறுகிறது.

சிற்பங்கள்
மலைச்சரிவில் புடைப்பாகச் செதுக்கப்பட்ட உனகோடீசுவர காலபைரவர் சிற்பம் சுமார் 30 அடி உயரமுடையது. இதில் தலையணி மட்டும் சுமார் 10 அடி. அருகில் பெரிய விநாயகர் உருவங்களும், மண்ணில் பாதி புதைந்த நந்திகளும் உள்ளன. ஆண்டுதோறும் அசோகாஷ்டமி விழா நடைபெறுகிறது.

பாதுகாப்பு
மழைநீர், பாசி, மரவேர்கள் ஆகியவற்றால் சிற்பங்கள் தேய்ந்து வருகின்றன. மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்டதால் இவற்றைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைக்க இயலாது. இருக்கும் இடத்திலேயே காக்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறை இவ்விடத்தைப் பராமரிக்கிறது. 2022 இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது.

அருகிலுள்ள மலை
மாநிலத்தின் மிக உயர்ந்த மலைத்தொடரான ஜம்புய், மிசோரம் எல்லையில் உள்ளது. மிசோ மக்கள் வாழும் இம்மலை ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது.