வெள்வேல், முள்கிளுவை, கொழுக்கட்டைப்புல்: நொய்யல் கரை மேட்டுநிலத் தாவரங்கள்

நொய்யலும் அமராவதியும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கும் ஆறுகள். இவற்றை ஒட்டி விரியும் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பகுதி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவம் பாலக்காட்டுக் கணவாய் வழியே இங்கே பெரும்பாலும் வெறுங்காற்றாகத்தான் வந்து சேர்கிறது. மழையை மலைக்கு அப்பாலேயே கொட்டிவிடுகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் பெய்து தீர்ந்துவிடும். மேலே செம்மண், கீழே சரளை. மீதி மாதங்களை வெயிலிலும் காற்றிலும் கழிக்கத் தெரிந்த செடிகளே இங்கு நிலைத்திருக்கின்றன.

ஆற்றங்கரை மரங்களான நீர்மருது, புங்கன், நாவல் ஆகியவை தமிழ்நாட்டின் பல ஆறுகளுக்கும் பொது. கரையை விட்டு மேட்டுக்கு ஏறினால் வேறு கூட்டம்: வேம்பு, பனை, வன்னி, உசிலை, சரளை மேடுகளில் ஆவாரை. உசிலையின் இலையில் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் இருக்கிறது. அந்த இலையை உலர்த்தி இடித்ததுதான் தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள். ஆவாரம்பட்டையின் துவர்ப்பு தோல் பதனிடும் தொழிலுக்கு நெடுங்காலம் முதுகெலும்பாக இருந்தது. பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக்கட்டில் வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துச் செருகப்படுவதும் இதே ஆவாரையின் பூதான். ஆனால் இந்த மேட்டுநிலத்தின் சிறப்பைத் தனியாக ஒரு மரத்தில் தேட முடியாது. மரமும் புல்லும் வேலியும் சேர்ந்த ஓர் ஏற்பாட்டில் அது இருக்கிறது. கொங்குப் பகுதியில் அதற்குக் கொறங்காடு என்று பெயர்.

கொறங்காடு என்பது சில ஏக்கர் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். படலைத் திறந்து மாட்டையும் செம்மறியையும் உள்ளே விட்டுவிட்டால் மேய்ப்பவர் கூடவே நிற்க வேண்டியதில்லை. நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, பின்பு மறுபடியும் புல்லுக்கே விட்டுவிடுவதும் உண்டு. காங்கேயம் மாட்டின் பெயர் நாடெங்கும் பரவியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த மாட்டினம் திரண்டது இத்தகைய மேய்ச்சலில்தான்.

வெள்வேலம் மெதுவாக வளரும் மரம். வெண்மை கலந்த வெளிர்மஞ்சள் பட்டையும் குடைபோல் விரிந்த தலையும் தொலைவிலேயே இதைக் காட்டிக்கொடுக்கும். முன்பு தாவரவியலார் இதை அக்கேசியா பேரினத்தில் வைத்திருந்தனர். 2005-இல் வியன்னாவில் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாடு அந்தப் பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கு ஒதுக்கியதால், இன்று இதன் பெயர் வச்செல்லியா லியூகோஃப்லோயியா. இதன் பட்டை சாராயம் காய்ச்சப் பயன்பட்டது. செந்நிற வைரம் பாய்ந்த கட்டை வண்டிக்கும் ஏருக்கும் உதவியது. சிற்றிலைகள் மிக நுண்ணியவை என்பதால் நிழல் அடர்த்தியாக விழாது. வெயில் சல்லடைபோல் இறங்கி அடியில் புல் வளர இடம் தருகிறது. மேய்ச்சல் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

இதன் காய்க்கும் ஆட்டுக்கும் உள்ள உறவு சற்று நின்று பார்க்க வேண்டியது. புல் காய்ந்து தீவனம் அருகிப்போகும் கோடையில்தான் வெள்வேலங்காய் முற்றுகிறது. விரல் நீளத்துக்கும் சற்று மேலாக, தட்டையாக, லேசாக வளைந்த காய். உள்ளே வரிசையாகக் கரும்பழுப்பு விதைகள். ஆடுகள் விழுந்த காயைப் பொறுக்கித் தின்னும். போதாதபோது மேய்ப்பவர் துரட்டியால் கிளையை உலுக்கிவிடுவார். விதையின் தோல் தண்ணீர் புகாத அளவுக்குக் கடினமானது. அப்படியே மண்ணில் போட்டால் பல விதைகள் மழை பெய்தும் முளைக்காமல் கிடக்கும். அதனால்தான் நாற்றங்காலில் வேல விதைகளை வெந்நீரில் ஊறவைத்தோ தோலைக் கீறியோ விதைக்கிறார்கள்.

மரத்தடியிலேயே கிடக்கும் விதைக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. பயறு டப்பாவைத் திறந்தால் வட்டத் துளையும் மாவுமாக இருக்குமே, அந்த வண்டின் உறவினங்கள் வேலங்காயிலும் முட்டையிடுகின்றன. புழு விதைக்குள் புகுந்து பருப்பைத் தின்று, வண்டாகித் துளையிட்டு வெளியேறுகிறது. வெளியேறிய வண்டுகள் அங்கேயே கிடக்கும் மற்ற விதைகளைத் தேடிப் போகும். ஆடு காயை முன்னதாகவே தின்றுவிட்டால் நிலைமை மாறுகிறது. மெல்லும்போது பல விதைகள் நொறுங்குவது உண்மைதான். ஆனால் தப்பிப் பிழைக்கும் விதைக்குள் புழு இருந்தால், வயிற்றின் சூட்டையும் செரிமான நீரையும் இளம்புழு பெரும்பாலும் தாங்குவதில்லை. அதே செரிமான நீர் விதைத்தோலையும் இளக்கிவிடுவதால் பின்னர் ஈரம் உள்ளே புக வழி கிடைக்கிறது. விதை புழுக்கையோடு, அதாவது எருவோடு, தாய்மரத்தின் நிழலுக்கு வெளியே போய் விழுகிறது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் வேல இனங்களில் இந்த முத்தரப்பு உறவு விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. மேய்ச்சல் மரத்துக்குக் கேடு என்று பொதுவாகச் சொல்வது இந்த மரத்தைப் பொறுத்தவரை அரைகுறை உண்மை. கன்று தலையெடுக்கும்வரை கொஞ்சம் பாதுகாப்பு வேண்டும். ஆடே வேண்டாம் என்பது தவறு.

வேலியாக நிற்கும் முள்கிளுவை, குக்குலுவும் வெள்ளைப்போளமும் தரும் மரங்களின் பேரினமான கம்மிஃபோராவைச் சேர்ந்தது. கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து பட்டுப்போன முட்குச்சி போல் நிற்கும். நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும், மணமும் எழும். விதைத்து வளர்க்க வேண்டியதில்லை. போத்து வெட்டி மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றினால் வேர்விடும். ஊன்றிய வேலியின் கிளைகளைப் பின்னிவிட்டால் ஆடு நுழையாது. வேலி வளர வளர அதில் பிரண்டை, கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி எல்லாம் தாமே ஏறிக்கொள்கின்றன. பிரண்டை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமிக்கும் இனம். நீரிழப்பைக் குறைக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. கௌதாரியும் கீரியும் அரணையும் பதுங்குவதற்கு இந்த வேலிதான் இடம். கம்பிவேலி காவலை மட்டுமே தரும்.

கொழுக்கட்டைப்புல் பல்லாண்டுப் புல். நுனியில் மென்முட்கள் சூழ்ந்த கதிர் இருக்கும். வேர் ஆழமாக இறங்கும். காய்ந்த பின்னும் சத்துள்ள தீவனமாக இருப்பதும், முதல் மழைக்கே துளிர்ப்பதும் இதன் பலம். இதே புல்லை ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவின் அரிசோனாவுக்கும் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். அங்கே அது கட்டுக்கடங்காமல் பெருகி, காட்டுத்தீக்கு எரிபொருளாகி, சொந்தத் தாவரங்களை அழிக்கும் களையாகிவிட்டது. தன் மண்ணில் வரமாக இருப்பது பிற மண்ணில் சாபமாகலாம்.

இதன் மறுபக்கத்தை இந்த மண்ணே சீமைக்கருவேலத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்து மரமான அது ஓடைகளையும் குளக்கரைகளையும் வளைத்துக்கொண்டது. அதன் உறவான நம் வன்னியோ பல ஊர்களில் கோயில் வாசலில் மட்டும் பிழைத்திருக்கிறது. ஆற்றுக்கும் நல்ல காலம் இல்லை. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் நீர் உப்பேறி, ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்துக்கு உதவாமல் போனது. 2011-இல் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. மழையை மட்டுமே நம்பும் கொறங்காடு அந்த ஆற்றுநீரைக் கேட்டதில்லை. அதற்கு வந்த கேடு வேறு: மனைப் பிரிவு, கம்பிவேலி, மேய்க்க ஆளின்மை, கூடவே பயிரில்லாத நிலமெல்லாம் தரிசு என்னும் எண்ணம். ஆண்டு முழுவதும் ஆடுமாட்டுக்குச் சோறு போடும் நிலத்தைத் தரிசு என்று சொல்வது அநியாயம்.

மரம் நடுவோர் விரைந்து வளரும் வெளிநாட்டு இனங்களையே தேடிப் போகிறார்கள். இந்தப் பகுதியில் நிலம் வைத்திருப்போர், இருக்கும் கிளுவை வேலியைப் பிடுங்காமல் இடைவெளிகளில் போத்து ஊன்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். வெள்வேலுக்கு நாற்றுப் பண்ணையைத் தேட வேண்டாம். கோடையில் பட்டியைக் கூட்டும்போது புழுக்கையோடு கிடைக்கும் விதையை எடுத்துவைத்து, ஐப்பசி மழையின் ஈரத்தில் ஊன்றி, கன்றைச் சுற்றி நாலு முள்ளை வெட்டிப் போட்டால் போதும்.