குதிரை வண்டியின் பின்னே



வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றப் புறப்படுவது நம் வழக்கம். வீட்டையே வண்டியில் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றப் புறப்படுவது அமெரிக்கர் பலரின் வழக்கம். மோட்டார் காரின் பின்னே சக்கரம் வைத்த சிறு வீடொன்றை இணைத்து இழுத்துச் செல்கின்றனர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளியலறை யாவும் அதனுள் அடக்கம். அதற்கு டிரெய்லர் என்று பெயர். டிரெய்லர் உடையோர் சங்கமாகச் சேர்ந்து, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரப் பயணம் செய்வதும் உண்டு. ஏர்ஸ்ட்ரீம் என்னும் வெள்ளி நிற டிரெய்லரைச் செய்து புகழ்பெற்ற வாலி பையாம் என்பவர், 1951ஆம் ஆண்டில் இத்தகைய கூட்டம் ஒன்றை மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் அழைத்துச் சென்றார். 1959ஆம் ஆண்டில் அவருடைய வழிகாட்டலில் மற்றொரு கூட்டம் கேப் டவுனிலிருந்து கெய்ரோ நோக்கிப் புறப்பட்டது.

இக்கூட்டங்கள் விரும்பிச் செல்லும் இடங்களுள் ஒன்று, மோட்டார் காரே வைத்துக்கொள்ளாத மக்களின் நாடு. அவர்கள் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். பென்சில்வேனியாவில் லாங்காஸ்டர், ஒஹாயோவில் ஹோம்ஸ், இந்தியானாவின் வடபகுதியில் எல்க்கார்ட், லாக்ரேஞ்சு ஆகிய மாவட்டங்களில் அவர்கள் மிகுதியாக வாழ்கின்றனர். இன்று நாமும் ஒரு டிரெய்லர்க் கூட்டத்தோடு கற்பனையில் அங்கே சென்று வருவோம்.

காலையில் புறப்படுமுன் கூட்டத் தலைவர் நம்மை நிறுத்திச் சில சொற்கள் சொல்லுகிறார். "மேடு ஏறி இறங்கும் பாதையில் அவசரம் வேண்டாம். மேட்டுக்கு அப்பால் குதிரை வண்டி இருக்கலாம். அதன் பின்புறத்தில் ஆரஞ்சு நிற முக்கோணம் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஊதுகுழலை அழுத்திக் குதிரையை மிரட்டாதீர்கள். பெரியவர்களின் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடையில் ஒன்றும் விற்கமாட்டார்கள். போய்க் கதவைத் தட்டாதீர்கள்."

காமிராவைப் பற்றிய எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. உருவம் செய்து போற்றுதல் ஆகாது என்னும் விவிலியக் கட்டளையை நினைந்தும், தன்னைத் தான் முன்னிறுத்துவது செருக்கு என்று கருதியும் அவர்கள் படத்துக்கு நிற்பதில்லை. அவர்கள் காட்சிப் பொருள்களல்லர். வயலுக்கும் கடைக்கும் பள்ளிக்கும் போய்க்கொண்டிருக்கும் மக்கள். நாம் அவர்களுடைய ஊரின் விருந்தினர்.

பாதையில் சிறிது தூரம் சென்றதும் தலைவர் சொன்னது நடக்கிறது. முன்னே கறுப்பு மூடுவண்டி ஒன்று, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பின்னே நம் வண்டிகள் யாவும் அடங்கி ஊர்கின்றன. இந்தியானாவிலும் ஒஹாயோவிலும் வண்டி கறுப்பு. லாங்காஸ்டரில் சாம்பல் நிறம். இந்தியானா ஆமிஷ் மக்கள் சைக்கிள் ஏறுவர். லாங்காஸ்டரில் சைக்கிளுக்கும் இடமில்லை, காலால் உந்திச் செல்லும் சிறு வண்டியே உண்டு. ஒவ்வொரு சபையும் தனக்கென்று ஓர் ஒழுங்குமுறை வகுத்துக்கொள்கிறது. அதற்கு ஆர்ட்னுங் என்று பெயர்.

இவர்களுடைய வரலாறு 1525ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் தொடங்குகிறது. குழந்தைப் பருவத்தில் பெறும் ஞானஸ்நானம் செல்லாது, அறிவறிந்த பின் தானே விரும்பிப் பெறுவதே செல்லும் என்று சிலர் கூறினர். அதற்காகக் கொடிய தண்டனைகளை ஏற்றனர். 1693ஆம் ஆண்டில் அவர்களுக்குள் பிளவு ஏற்பட்டது. சபையை மீறியவர்களோடு உண்ணுதலும் புழங்குதலும் கூடாது என்று கண்டிப்புக் காட்டிய ஜேக்கப் அம்மான் என்பவரைப் பின்பற்றியோர் ஆமிஷ் எனப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் பென்சில்வேனியாவுக்குக் கடல் கடந்தனர். 1900ஆம் ஆண்டளவில் சில ஆயிரவராக இருந்தோர், 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 லட்சம் பேராகப் பெருகியுள்ளனர்.

புதியன யாவற்றையும் வெறுப்பவர்கள் இவர்கள் என்று நாம் எண்ணி வந்திருந்தால், அவ்வெண்ணம் இங்கே நிலைக்காது. கார் வைத்துக்கொள்ளலாகாது, ஆனால் வெளியார் ஓட்டும் காரில் கூலி கொடுத்து ஏறலாம். வீட்டுக்குள் தொலைபேசி கூடாது. பாதையோரத்தில் ஒரு சிறு கூண்டில் இருக்கலாம். பொது மின்கம்பியை வீட்டோடு இணைக்கலாகாது. எரிவாயு விளக்கு எரியலாம். வெளிப்பார்வைக்கு இது முரண்பாடாகத் தோன்றும். ஆயின் ஒவ்வொரு பொருளையும் பற்றி அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: 'இது நம் குடும்பத்தையும் சபையையும் என்ன செய்யும்?' சொந்தக் கார் வந்தால் மகன் தொலைவில் வேலை தேடுவான். அயலான் அயலானாகவே ஆகிவிடுவான். குதிரை போகக்கூடிய தொலைவுக்குள் சபை முழுவதும் வாழ்ந்தால், ஒருவன் களஞ்சியம் எரிந்த செய்தி மற்றவர்க்கு எட்டும்; அனைவரும் கூடிப் புதியதை எழுப்புவர்.

இவ்வளவு கவனமாகக் காத்த வேலிக்குள்ளும் மாறுதல் வேறொரு வாயிலால் புகுந்துவிட்டது. எல்க்கார்ட் வட்டாரம் அமெரிக்காவின் டிரெய்லர்த் தொழிலுக்குத் தலைநகரம். நாம் இழுத்துவந்த வீடுகளிற் பெரும்பாலானவை இவ்வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் உருவானவை. அத்தொழிற்சாலைகளில் சுவர் பொருத்தி, அலமாரி அறைந்து, கூரை வேய்வோரிடையே ஆமிஷ் ஆடவர் பல்லாயிரவர் உள்ளனர். விடியுமுன் சைக்கிளிலோ வாடகை வண்டியிலோ அவர்கள் புறப்படுகின்றனர். தாம் ஒருபோதும் ஓட்டிச் செல்லாத வீடுகளைப் பிறருக்குச் செய்து கொடுக்கின்றனர்.

ஏன் இப்படி நேர்ந்தது? பிள்ளைகள் பலர்; நிலமோ வளரவில்லை, அதன் விலைதான் வளர்ந்தது. எல்லா மக்களுக்கும் பண்ணை பிரித்துக் கொடுக்க இயலாத தந்தையர், அவர்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பினர். கூலி நன்றாகக் கிடைத்தது. ஆனால் பகல் முழுவதும் தந்தையோடு வயலில் நின்று தொழில் கற்ற பிள்ளைக்கு, இப்போது தந்தையின் சாப்பாட்டுப் பெட்டி வெளியே போவதும் திரும்புவதுமே தெரிகிறது. கார் எதைச் செய்துவிடும் என்று அஞ்சினார்களோ, அதில் ஒரு பகுதியைத் தொழிற்சாலை செய்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வாணிகம் சரிந்தபோது எல்க்கார்ட் வட்டாரத்தில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் வேலையிழந்தனர். ஆமிஷ் குடும்பங்களும் அவ்வடியைத் தாங்க வேண்டியிருந்தது. தொலைதூரத்து மனிதர் ஊர் சுற்றுவதை நிறுத்தினால் தம் அடுப்பும் அணையக்கூடும் என்பதை அவர்கள் அப்போது உணர்ந்தனர்.

இம்மக்களிடம் நாம், பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் வாழ்வோர், நின்று நோக்கத்தக்க செய்தி இன்னொன்று உண்டு. வீட்டில் அவர்கள் பேசுவது டைட்ச் என்னும் ஜெர்மன் கிளைமொழி. வழிபாட்டில் உயர்நிலை ஜெர்மன். பள்ளியிலும் கடையிலும் ஆங்கிலம். மூன்று நூற்றாண்டாக இந்நிலை நீடிக்கிறது. டைட்சில் நூல்கள் மிகச் சிலவே. குழந்தை முதலில் கேட்கும் மொழி அதுவாக இருப்பதே அதன் பாதுகாப்பு. பெருநூல்கள் நிறைந்த மொழியை உடைய நாம், பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் நம் வீட்டுச் சமையலறையில் எந்த மொழி ஒலிக்கிறது என்று ஒருமுறை காது கொடுக்கலாம்.

அவர்கள் செய்வன யாவும் நமக்கு ஏற்புடையன என்று சொல்வதற்கில்லை. பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. அவ்வுரிமையை அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் 1972ஆம் ஆண்டில் உறுதிசெய்தது. ஞானஸ்நானம் பெற்றபின் சபையைத் துறப்பவர், உற்றாரோடு ஒரே மேசையில் உண்ணும் உரிமையையும் இழக்க நேரிடும். காத்துக்கொள்வதற்கும் விலை உண்டு. அதைச் சில வேளைகளில் பிள்ளைகளே செலுத்துகின்றனர். பிள்ளைகளுக்குக் கல்வியை மறுக்காமல் மொழியையும் உறவையும் காப்பது எப்படி என்பது நம் கேள்வி. அதற்கு விடையை ஆமிஷ் ஊரில் தேட இயலாது. நாமே காண வேண்டும். ஆனால் ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவருமுன் நின்று கேட்கும் அந்தப் பழக்கத்தை மட்டும் அவர்களிடமிருந்து கடன் வாங்கலாம்.

மாலையாகிவிட்டது. டிரெய்லர்கள் ஒரு புல்வெளியில் வரிசையாக நிற்கின்றன. கூட்டத்தார் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து ஒன்றாக உண்கின்றனர். பாதையில் குளம்பொலி கேட்கிறது. சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் வீடு திரும்புகிறார். நாம் சாய்ந்திருக்கும் சுவரை அறைந்தவர் அவராகவும் இருக்கலாம். கை அசைக்கிறோம், அவரும் கை உயர்த்துகிறார். அவர் வீட்டில் வானொலி இல்லை. ஆதலால் நாம் அவரைப் பற்றிப் பேசிய இவ்வளவும் அவர் செவிக்கு எட்டப் போவதில்லை.