ஊரைச் சொல்லாத நம்பர் பிளேட்

ஜெர்மனியில் நம்பர் பிளேட்டின் ஊர்க் குறியீடு 'எம்' மட்டும் என்றால் அது மியூனிக் வண்டி. ஜப்பானில் சுருக்கெழுத்து கூடக் கிடையாது, ஊர்ப் பெயரையே தகட்டில் எழுதிவிடுகிறார்கள். போஸ்னியாவில் 'ஏ12-ஜே-345' போன்ற ஓர் எண்ணை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வண்டி எந்த ஊர் என்று தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள்.

யூகோஸ்லாவியா ஒன்றாக இருந்தவரை அங்கும் எஸ்.ஏ. என்றால் சரயேவோ, எம்.ஓ. என்றால் மோஸ்டார். 1992 முதல் 1995 வரை நடந்த போர் எல்லாவற்றையும் குலைத்துப் போட்டது. சமாதானம் கையெழுத்தான பிறகும் போஸ்னியாக்கர், குரோவாசியர், செர்பியர் பகுதிகளில் ஆளுக்கொரு தகடு. செர்பியர் தகட்டில் சிரிலிக் எழுத்து. வண்டியின் பின்புறத்தைப் பார்த்தாலே உள்ளே இருப்பவர் எந்தத் தரப்பு என்று தெரிந்துவிடும். சாலை திறந்துதான் கிடந்தது. ஆனால் விட்டுவந்த வீட்டை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரக்கூட மக்கள் பயந்தார்கள்.

தகட்டில் உள்ள எழுத்து எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பது இலங்கைத் தமிழர்களுக்குத் தெரியும். 1957இல் வாகன எண்களில் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. பலர் தமிழில் 'ஸ்ரீ' எழுதி வண்டி ஓட்டினார்கள். மறு ஆண்டு சிங்கள எழுத்தோடு அரசுப் பேருந்துகள் வடக்கே வந்தபோது அந்த எழுத்தின் மேல் தார் பூசப்பட்டது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் தார் ஏறியது. தமிழர் உரிமைகள் குறித்துப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகமும் செய்திருந்த ஒப்பந்தம் ஏப்ரலில் கைவிடப்பட்டது. மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது.

போஸ்னியாவில் 1998இல் நாடு முழுவதற்கும் ஒரே தகடு வந்தது. சமாதான உடன்பாட்டைக் கண்காணித்த சர்வதேச உயர் பிரதிநிதி கார்லோஸ் வெஸ்டென்டோர்ப் காலத்து ஏற்பாடு அது. ஊர்க் குறியீட்டை எடுத்துவிட்டார்கள். எழுத்தைத் தேர்ந்தெடுத்த விதம்தான் என்னை அசர வைக்கிறது. லத்தீன் 'ஹெச்' சிரிலிக்கில் 'ன' ஆகிவிடும், அதனால் வேண்டாம். இரண்டு எழுத்துமுறையிலும் வடிவமும் ஒலியும் மாறாதவை ஏழுதான்: ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டி. அந்த ஏழு போதும் என்று முடிவானது.

செர்பியர் பகுதியைப் பிரிக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டும் வண்டிகள் விரைவிலேயே பெருகின. இன்று சரயேவோக்காரர் ஒருவர் செர்பியர் பகுதியிலுள்ள பான்யா லூகாவின் சந்தை ஓரமாகக் காரை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போகலாம். பக்கத்தில் நிற்கும் உள்ளூர் வண்டியிலும் அதே ஏழிலிருந்து எடுத்த எழுத்துகள்தான் இருக்கும்.