வழுக்குப் பூச்சும் பாற்பாத்திரமும்

கறந்தபோது நன்றாயிருந்த பால் கூட்டுறவுச் சங்கத்தை அடைவதற்குள் திரிந்துபோவதற்குப் பல சமயங்களில் மாடு காரணமன்று, பாத்திரமே காரணம். கண்ணுக்குச் சுத்தமாகத் தோன்றும் கேனின் உட்புறத்தில், விரலால் தடவினால் மட்டுமே தெரியக்கூடிய ஒருவிதப் பசைப்படலம் படிந்திருப்பதுண்டு. அது கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த கோழையினால் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொண்ட வீடாகும். வெறும் நீரால் அலசினால் அது போவதில்லை. கிருமிநாசினியும் அதனுள் எளிதிற் புகுவதில்லை. சூடோமோனாஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த சில கிருமிகள், பாலைக் குளிரவைத்தாலும் பெருகி, கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. காய்ச்சும்போது கிருமிகள் மடிந்தாலும் அப்பொருள்களிற் பல மடிவதில்லை. ஆதலின், ஒட்டிய கிருமியைக் கொல்வதைவிட, ஒட்டவே விடாமற் செய்வது மேலன்றோ என்னும் கேள்வி எழுகிறது. இதற்கு ஒரு விடையை விஞ்ஞானிகள் பூச்சி தின்னும் ஒரு செடியிடத்திற் கண்டனர்.

நீர் ஒட்டாமைக்குத் தாமரையிலையும் சேம்பிலையும் யாவரும் அறிந்த உதாரணங்கள். தாமரையிலையின் மேற்பரப்பில் மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள் நெருங்கியிருப்பதையும், நீர்த்துளி அவற்றிடையே அடைபட்ட காற்றின்மேல் நின்று, அழுக்கையும் வாரிக்கொண்டு உருண்டோடுவதையும் ஜெர்மானியத் தாவர நூலார் பார்த்லோட், நைன்ஹூயிஸ் என்போர் 1997-ஆம் ஆண்டில் விளக்கினர். (முட்டைக்கோசுச் செடிக்குத் தெளிக்கும் மருந்துநீருடன் ஒட்டுத்திரவம் சேர்ப்பது இவ்விதம் உருண்டோடுவதைத் தடுக்கவே.) ஆனால் காற்றை நம்பிய இவ்வமைப்பு பாற்பாத்திரத்துக்கு உதவாது. எண்ணெய்ப்பசையுள்ள திரவம் பட்டாலும், அழுத்தம் மிகுந்தாலும், மேடுகள் தேய்ந்தாலும் காற்று வெளியேறிவிடும். பின்னர் அப்பள்ளங்களே அழுக்கு தங்கும் இடங்களாகிவிடும்.

நெப்பெந்தஸ் என்னும் குடுவைச்செடி வேறு வழியைக் கையாளுகிறது. மேகாலயத்தின் காஸி மலைகளிலும் இலங்கையிலும் இதன் இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. இலையின் நுனி மூடியுள்ள குடுவையாக மாறியிருக்கும். அதன் விளிம்பு உலர்ந்திருக்கையில் எறும்புகள் அச்சமின்றி நடமாடும். மழையோ தேன்சுரப்போ அதை நனைத்துவிட்டாலோ, களிமண் வரப்பில் மழைக்காலத்தில் நடப்பவன் கதிதான். விளிம்பிலுள்ள நுண்வரிகள் நீரை மெல்லிய படலமாகப் பிடித்துவைப்பதால் பூச்சியின் கால் பற்ற இடமின்றி, அது குடுவைக்குள் விழுகிறது. போன், பெடெர்லே என்னும் இருவர் இதனை 2004-இல் எடுத்துக்காட்டினர்.

இதனைக் கொண்டு 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஜோவானா ஐசன்பர்க் அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும் ஒரு பூச்சை உண்டாக்கினர். நுண்துளைகள் நிறைந்த பரப்பில் மசகுத்திரவம் ஒன்றை ஊறவிடுவதே அதன் முறை. அத்திரவம் துளைகளை விட்டு நீங்கலாகாது; மேலே படும் திரவத்தோடு கலக்கவும் கூடாது; சுவரோ, அந்நியத் திரவத்தைவிட மசகையே விரும்பிப் பற்றவேண்டும். இம்மூன்றும் பொருந்தினால் நீர், எண்ணெய், இரத்தம் ஆகிய யாவும் சிறிது சாய்த்தவுடன் வழுக்கி ஓடும். கீறல் விழுந்தாலும் திரவம் தானே பரவி அதனை மூடிக்கொள்ளும்.

கிருமிகளுக்கும் இதே கதி நேர்கிறது. 2012-இல் வெளியான ஹார்வர்டு பரிசோதனையில், ஏழு நாட்கள் கழிந்தும் சூடோமோனாஸ் படலத்தில் 99.6 சதவிகிதம் ஒட்டாமற் போயிற்று. இப்பூச்சு கிருமியைக் கொல்லும் விஷமன்று, கால் வைக்க இடம் கொடுப்பதில்லை; அவ்வளவே. பாற்பதனத்திலும் இது சோதிக்கப்பட்டது. 2017-இல் பிரான்சு தேசத்து ஆராய்ச்சியாளர்கள் எஃகுத் தகட்டை லேசர் ஒளியால் நுண்ணியதாகச் செதுக்கி, புளோரின் சேர்ந்த எண்ணெயை ஊறவிட்டனர். 90 நிமிடம் பாஸ்டர் முறையிற் சூடாக்கியபின் சிறிது நீரால் அலசியதும், பாற்படிவின் சுவடே அதில் இல்லை.

இவ்வளவு நன்மையிருந்தும் அவசரப்படுதல் தகாது. மசகுத்திரவம் ஓட்டத்தினாலும் கழுவுதலாலும் சிறிது சிறிதாகக் குறையும்; குறைந்த இடத்தில் பாதுகாப்பும் போய்விடும். புளோரின் எண்ணெய்களோ மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாதவை. உணவுக்கான பாத்திரத்திலிருந்து அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்பதை ஆராயாமல் ஏற்பது விவேகமாகாது.

விவசாயிக்கு மிகவும் நெருங்கிய செய்தி 2018-இல் கனடாவின் டொரான்டோ சர்வகலாசாலையிலிருந்து வந்தது. உணவு இயந்திரங்களின் எஃகிலுள்ள நுண்கீறல்களே கிருமிகள் ஒளிந்திருக்கும் இடம் என்பதை நோக்கி, அவற்றைச் சாதாரணச் சமையல் எண்ணெயால் நிரப்பிப் பார்த்தனர். கிருமிகள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தன. இதைக் கேட்டு எவரும் பால் கேனில் எண்ணெய் தடவத் தொடங்கவேண்டாம். அவர்கள் எஃகை அதற்கென முன்கூட்டிப் பக்குவம் செய்திருந்தனர். வீட்டிற் தடவிய எண்ணெய் சிக்கடித்துப் பாலிற் கலக்கும், கலப்படம் என்ற பழியும் வந்துசேரும். கொள்ளத்தக்கது, கீறலே கிருமியின் புகலிடம் என்பதாம்.

ஆகையால் பால் கேனை மணல், செங்கற்பொடி, இரும்புச்சுருள் ஆகியவற்றால் தேய்க்கலாகாது. பால் ஊற்றியவுடனே குளிர்ந்த நீரால் அலசவேண்டும். முதலிலேயே வெந்நீர் விட்டால் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பின்னர் எவர்சில்வர் கேனைச் சலவைச்சோடா கலந்த வெந்நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவலாம். அலுமினியத்தைச் சோடா அரிக்குமாதலின் அதற்கென விற்கும் தூளையே உபயோகிக்கவேண்டும். நன்றாக அலசிய பிறகு, கொதிநீர் வார்த்துக் கொட்டி, தரையிற் படாமல் சட்டத்தின்மேல் கவிழ்த்து வெயிலில் உலரவிடவேண்டும். ஆழமாகக் கீறலுற்ற கேனைத் தீவனம் அளக்க வைத்துக்கொண்டு, பாலுக்கு வேறொன்று வாங்குவது நலம்.