தாத்தாவுக்கு மறதியா? காதைச் சோதியுங்கள்!

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தோன்றியது. பிரஸ், லேத் இரைச்சலிலேயே அங்கு உழைத்து முதுமை அடைந்தவர்கள் பலர். ஓயாத பேரிரைச்சல் உட்காதின் நுண்ணிய செல்களை அழித்துவிடும். அவை மீண்டும் முளைப்பதில்லை!

அப்புறம் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. பாதி கேட்ட பேச்சை ஊகிப்பதிலேயே மூளை களைத்துவிடும். யோசிக்கவும் நினைவில் வைக்கவும் தெம்பு குறையும். வீட்டிலோ, "தாத்தாவுக்குப் புத்தி மங்கிவிட்டது" என்பார்கள்!

அமெரிக்காவில் காது மந்தமான முதியவர்கள் 977 பேரிடம் 3 ஆண்டு ஆராய்ச்சி நடந்தது. 2023-ல் முடிவு வெளிவந்தது. சிந்தனைத் திறன் தேயும் அபாயம் மிகுந்தவர்களில், காது மிஷின் பெற்றவர்களுக்கு அந்தத் தேய்வு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

தாத்தா மறந்தால் கோபிக்காதீர்கள். முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். முதலில் காதைச் சோதியுங்கள்!